ஸோர்க்கி-4: முதல் ரோல் வீணாகாமல் எடுப்பது எப்படி

மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் 1956 முதல் 1973 வரை தயாரான, இரட்டை உருவத்தை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்யும் ரேஞ்ச்ஃபைண்டர் வகைப் பிலிம் கேமரா ஸோர்க்கி-4. பேட்டரி கிடையாது, லைட் மீட்டரும் கிடையாது.

முதலில் ஒரு விதியை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். வைண்டிங் குமிழைத் திருகி ஷட்டரை ஏற்றிய பிறகே டயலில் ஷட்டர் வேகத்தை மாற்ற வேண்டும். ஏற்றாத நிலையில் டயல் வேறு இடத்தில் நிற்கும். அப்போது நீங்கள் வைக்கும் எண் சரியாக இருக்காது. பலவந்தமாகத் திருப்பினால் உள்ளே பழுதாகும். ஏற்றியபின் டயலைத் தூக்கி, திருப்பி, வேண்டிய எண்ணில் இறக்குங்கள்.

பிலிம் போட, அடியிலுள்ள இரண்டு பிடிகளையும் நிமிர்த்தி அரைச்சுற்று திருப்புங்கள். பின்மூடி முழுதாகக் கழன்று வரும். ரோலை இடப்பக்கம் வைத்து, நுனியை வலப்பக்க ஸ்பூலின் பிளவில் செருகுங்கள். இருபக்கத் துளைகளும் பற்களில் மாட்டியபின் மூடுங்கள். இரண்டு முறை ஏற்றிக் கிளிக் செய்துவிட்டு, கவுண்டரைக் கையால் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். அது தானாக மாறாது.

இனிமேல் ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் இடப்பக்க ரீவைண்ட் குமிழைப் பாருங்கள். அது சுழன்றால் பிலிம் நகர்கிறது. தொடக்கத்தில் தளர்வு இருந்தால் சற்று அசையாமல் இருக்கலாம். நாலைந்து படம் தாண்டியும் சுழலவில்லை என்றால் நுனி நழுவிவிட்டது. 36 படமும் எடுத்து முடித்து, கழுவியபின் ஒன்றுமே இல்லாமல் வருவது பெரும்பாலும் இதனால்தான். ஷட்டர் பட்டனைச் சுற்றியுள்ள வளையம் ரீவைண்ட் நிலையிலேயே நின்றுவிட்டாலும் பிலிம் நகராது.

ஃபோகஸுக்கு வியூஃபைண்டரின் நடுவில் தெரியும் இரட்டை உருவம் ஒன்றாகும்வரை லென்ஸைச் சுழற்றுங்கள். கண்ணிலோ கன்னத்திலோ அல்ல, மூக்குக் கண்ணாடி விளிம்பு போன்ற நேர்க்கோட்டில் பார்ப்பது எளிது. ரீவைண்ட் குமிழுக்கு அடியிலுள்ள நெம்புகோல் உங்கள் பார்வைக்கேற்பச் சரிசெய்துகொள்ள உதவும். ஒரு மீட்டர் தூரத்தில் எடுத்தால் தலைக்கு மேல் சற்று இடம் விடுங்கள். வியூஃபைண்டர் லென்ஸுக்கு மேலே இருப்பதால் தலை வெட்டுப்படும்.

ஐஎஸ்ஓ 200 பிலிமுக்கு நல்ல வெயிலில் அப்பர்ச்சர் (லென்ஸின் துவார அளவு) எஃப்/16, ஷட்டர் வேகம் 1/250 நொடி. அதே வேகத்தில், மேகமூட்டம் என்றால் எஃப்/8, திறந்த நிழலில் எஃப்/4. ஜூபிடர்-8 லென்ஸின் அப்பர்ச்சர் வளையத்தில் கிளிக் இல்லை, விரல் பட்டாலே நகரும். ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயிலில் நடக்கும்போது லென்ஸ் மூடியைக் கழற்றாதீர்கள். இதன் ஷட்டர் துணி. லென்ஸ் சூரியனை அதன்மேல் குவித்தால் ஓட்டை விழும்.