பெஞ்சமின் பிராங்க்ளினை நம் கடற்கரைப் பிள்ளைகளோடு படிப்பது எப்படி

பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்காவின் அச்சாளரும் அரசியல்வாதியுமான பெஞ்சமின் பிராங்க்ளினைப் படிக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய தன்வரலாற்றை எடுத்து முதல் பக்கத்திலிருந்து தொடங்குவார்கள். பாம்பன், மண்டபம், தொண்டி பக்கம் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகளோடு படிக்கப் போகிறீர்கள் என்றால் அப்படிச் செய்யாதீர்கள். பாஸ்டன், அச்சுக்கூடம், கவர்னர் என்று அறியாத ஊர்க்கதையில் சீக்கிரமே சோர்ந்துவிடுவார்கள். கடலில் தொடங்குங்கள்.

மீன்பிடித் தடைக்காலம்தான் இதற்குத் தோதான நேரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, பள்ளி விடுமுறையும் கூடவே வரும், அப்பாவும் சித்தப்பாவும் கரையில் இருப்பார்கள். அவர்களையும் அழைத்து உட்கார வையுங்கள், முதல் பாடத்துக்கு அவர்கள் வேண்டும்.

அந்தப் பாடம் வளைகுடா நீரோட்டம், அட்லாண்டிக் கடலில் அமெரிக்கக் கரையோரமாக வடகிழக்கே ஓடுகிற பெரிய நீரோட்டம். 1760களின் கடைசியில் பிராங்க்ளின் லண்டனில் இருக்கிறார், அமெரிக்கக் குடியேற்றங்களின் தபாலுக்குப் பொறுப்பானவர்களில் ஒருவர். இங்கிலாந்திலிருந்து நியூயார்க் போகிற தபால் கப்பல்கள், ரோட் ஐலண்ட் போகிற சரக்குக் கப்பல்களைவிட இரண்டு வாரம் பிந்துகின்றன என்று புகார் வருகிறது. பிராங்க்ளின் இதைப் போய்க் கேட்டது தன் உறவினரான திமோத்தி ஃபோல்ஜரிடம். திமிங்கல வேட்டைக்காரர்களின் தீவான நாண்டக்கெட்டைச் சேர்ந்த கப்பல் தலைவர் அவர். திமிங்கலம் நீரோட்டத்தின் ஓரத்தை ஒட்டியே திரிவதால் எங்களுக்கு அது எங்கே ஓடுகிறது என்று தெரியும், மணிக்கு மூன்று மைல் வேகத்தில் எதிர்த்து வருகிற நீரில் போகிறீர்கள் என்று தபால் கப்பல்காரர்களிடம் நடுக்கடலிலேயே சொல்லியும் பார்த்தோம், சாதாரண மீனவன் பேச்சை அவர்கள் கேட்கவில்லை என்றார் ஃபோல்ஜர். பிராங்க்ளின் அவரையே வரையச் சொல்லி வரைபடமாக அச்சிட்டார். கப்பல்காரர்கள் அப்போதும் அதை மதிக்கவில்லை.

இதைச் சொல்லி முடித்ததும் பிள்ளைகளிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுங்கள். கச்சான் (மேல்காற்று) காலத்தில் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கும், வாடைக்கு எப்படித் திரும்பும், பாம்பன் கால்வாயில் எந்த நேரம் கடப்பது என்று பெரியவர்களிடம் கேட்டு அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி வரையட்டும். பிராங்க்ளின் எப்படிப்பட்டவர் என்பது அந்தத் தாளிலேயே பாதி புரிந்துவிடும்: தொழில் தெரிந்தவனிடம் கேட்பார், கேட்டதை அச்சில் ஏற்றுவார்.

அப்புறம் தன்வரலாறு. அதிலும் அவர் எழுதக் கற்ற பகுதியை முதலில் படியுங்கள். மெழுகுவர்த்தி, சோப்பு செய்கிறவரின் மகன், பள்ளிக்கூடம் போனது இரண்டே வருடம், 12 வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். ஸ்பெக்டேட்டர் என்ற ஆங்கில இதழின் தொகுதி ஒன்று கிடைக்கிறது. அதில் ஒரு கட்டுரையை எடுத்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சின்னக் குறிப்பு எழுதிக்கொள்வார். சில நாள் கழித்து, மூலத்தைப் பார்க்காமல் குறிப்பை மட்டும் வைத்து முழுக் கட்டுரையையும் தன் சொற்களில் எழுதுவார், பிறகு ஒப்பிட்டுப் பிழை திருத்துவார். சில சமயம் குறிப்புகளைக் கலைத்துப் போட்டு, சில வாரம் கழித்து வரிசைப்படுத்துவார். கட்டுரையைச் செய்யுளாக்கி, மறந்த பிறகு மறுபடி உரைநடையாக்குவதும் உண்டு, சொல்வளம் சேர அது உதவியது என்கிறார். தமிழில் நல்ல கட்டுரை ஒன்றை எடுத்து அப்படியே செய்து பாருங்கள். ஒப்பிடுகிற கட்டத்தை மட்டும் தாண்டிவிடாதீர்கள், பயிற்சியின் பலன் முழுக்க அங்கேதான். 16 வயதில் அவர் சைலன்ஸ் டூகுட் என்ற விதவையின் பெயரில் 14 கடிதங்கள் எழுதி, அண்ணனுக்குத் தெரியாமல் கதவிடுக்கில் போட்டு அச்சேற்றிய கதையை இதோடு சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் விடமாட்டார்கள்.

ஏழை ரிச்சர்ட் என்ற புனைபெயரில் அவர் ஆண்டுதோறும் வெளியிட்ட பஞ்சாங்கத்துக்கு ஒரு மாலை போதும். அதிலுள்ள பழமொழிகளில் பத்தில் ஒரு பங்குகூடத் தன்னுடையது இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார்.

அரசியல்வாதி பிராங்க்ளினைத் தன்வரலாற்றில் தேடினால் ஏமாற்றம்தான். 1771-ல் மகனுக்கு எழுதும் கடிதமாகத் தொடங்கி, விட்டுவிட்டு 1790 வரை எழுதியும் கதை 1757-ஐ ஒட்டியே நின்றுபோகிறது. 1776 சுதந்திரப் பிரகடனமும் இல்லை, 1778-ல் பிரான்சோடு செய்த ஒப்பந்தமும் இல்லை. அந்த இடைவெளிக்கு 1787 செப்டம்பரில் அமெரிக்க அரசியல் சட்டத்தை வகுத்த பேரவையின் கடைசி நாள் உரையைப் படியுங்கள். 81 வயது, உடம்பு முடியாததால் இன்னொருவர் வாசித்தார். இந்தச் சட்டத்தில் எனக்கு உடன்பாடில்லாத பகுதிகள் உண்டு, ஆனாலும் என் கருத்து ஒருநாள் மாறலாம், அதனால் ஒப்புகிறேன் என்கிற அந்த உரை சின்னதுதான், சத்தமாக வாசிக்க ஏற்றது.

ஒன்றை மறைக்காதீர்கள். அவர் அடிமைகளை வைத்திருந்தார், அவருடைய பென்சில்வேனியா கெசட் பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்கள் வந்தன, அந்தக் காசும் அவர் கைக்குப் போனது. பிற்காலத்தில் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார், 1790 பிப்ரவரியில் அடிமை முறைக்கு எதிராக அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். மனுவை எதிர்த்த ஒரு உறுப்பினரின் வாதங்களை, ஐரோப்பியரை அடிமையாக்குவது நியாயம் என்று வட ஆப்பிரிக்காவின் அல்ஜியர்ஸ்காரர் ஒருவர் பேசுவதுபோல் மாற்றி எழுதி, இறப்பதற்குச் சில வாரம் முன்பு பத்திரிகையில் வெளியிட்டார். விளம்பரம் ஒன்றையும் இந்தக் கட்டுரையையும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக வாசியுங்கள், அப்புறம் நீங்கள் பேசாமல் பிள்ளைகளைப் பேசவிடுங்கள். தன்வரலாறு ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் என்ற இணையதளத்தில் ஆங்கிலத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒருவர் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னால் போதும்.