அட்மின் பாஸ்வேர்டு இல்லாமல் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தமிழ்

கடலூர் சிப்காட்டில் வேலை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் எதை இன்ஸ்டால் செய்யப் போனாலும் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும்; பென்டிரைவும் எடுக்காது. தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு அறிவிப்பைத் தமிழில் தர வேண்டும். பாமினியில் அடித்த பழைய ஃபைலைத் திறந்தால், அந்த ஃபான்ட் இல்லாததால் ஒரே ஆங்கில எழுத்துக் குவியல்.

வெளியிலிருந்து எதுவும் தேவைப்படவில்லை. விண்டோஸ் 10-லேயே தமிழ் இருக்கிறது. செட்டிங்ஸில் ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’ போய்த் தமிழைச் சேர்த்தேன். அப்போது டிஸ்ப்ளே மொழி போன்றவற்றின் டிக்கை எடுத்துவிடுங்கள். அவை டவுன்லோடு கேட்கும், நெட் பூட்டியிருந்தால் அங்கேயே நிற்கும். பிறகு தமிழைத் தொட்டு, ஆப்ஷன்ஸில் தமிழ் ஃபொனடிக் கீபோர்டு. 2019 மே அப்டேட்டிலிருந்து அது உண்டு.

விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ்பாரை அழுத்தினால் மொழி மாறும். ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடிக்க அடிக்க, தமிழ்ச் சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். நிர்மலா யூஐ ஃபான்ட் விண்டோஸோடே வருவதால், பிரிண்டர் இருக்கும் கம்ப்யூட்டரிலும் எழுத்து உடையவில்லை. கொம்பும் காலும் அதனதன் இடத்தில்!

எங்கள் ஆபீசில் இதற்குப் பாஸ்வேர்டு கேட்கவில்லை. உங்களிடம் இதையும் பூட்டியிருந்தால், குறுக்கு வழி தேடாமல் ஐடி ஆட்களிடமே சொல்லுங்கள். கேட்பது ஒரு கீபோர்டுதான், அவர்களுக்கு நிமிட வேலை.