இருட்டில் லென்ஸை முழுசாகத் திறந்து படமெடுக்கப் பழகுவது எப்படி?

எஃப் 1.4 அல்லது எஃப் 1.2 என்று பெரிதாகத் திறக்கும் லென்ஸை முதன்முதலாக மாட்டிக்கொண்டு இரவில் கிளம்புகிறவர்களில் பலர் ஒரே மாதிரியான படங்களோடுதான் திரும்புகிறார்கள். வெளிச்சம் தாராளமாக இருக்கும். பின்னணி அழகாகக் கரைந்திருக்கும். காது மடல் துல்லியமாகத் தெரியும், கண் மட்டும் மங்கலாக இருக்கும். லென்ஸில் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டிவிடுவார்கள். பெரும்பாலும் கோளாறு எதுவும் இருக்காது. லென்ஸ் கொடுத்த வெளிச்சத்துக்கு ஈடாக ஃபோகஸின் ஆழத்தை எடுத்துக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான்.

அதனால் இந்த வகை லென்ஸோடு முதலில் பழக வேண்டியது ஃபோகஸ். வெளிச்சத்தைத் தேடுவது, எக்ஸ்போஷர் (படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் என்ற கணக்கு) எல்லாம் அதற்கு அப்புறம். கீழே சொல்லியிருக்கும் வரிசையும் அப்படித்தான். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று இருந்தாலே எல்லாவற்றையும் செய்து பார்க்கலாம்.

முதலில் கொஞ்சம் கணக்கு

லென்ஸின் குவியத் தூரத்தை அதன் திறப்பின் விட்டத்தால் வகுத்தால் வருவதுதான் எஃப் எண். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.4 என்றால் திறப்பு ஏறக்குறைய 36 மி.மீ. அகலம். எஃப் 5.6 என்றால் 9 மி.மீ.தான். பரப்பளவில் 16 மடங்கு வித்தியாசம், அதாவது 4 ஸ்டாப் (வெளிச்சம் இரண்டு மடங்கானால் ஒரு ஸ்டாப்). சாதாரண விளக்கு எரியும் ஓர் அறையில் இரவில் எஃப் 1.4, ஷட்டர் 1/125 நொடி, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 800 என்று எடுக்க முடிகிறது என்று வையுங்கள். அதே ஷட்டர் வேகத்தை எஃப் 5.6-ல் கேட்டால் ஐஎஸ்ஓ 12800 வரை போக வேண்டும்.

இப்போது மறுபக்கம். ஃபுல் ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்ட) கேமராவில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.4-ல் வைத்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் பொருளை ஃபோகஸ் செய்தால், தெளிவாகத் தெரியும் ஆழம் மொத்தமே சுமார் 3 செ.மீ. எஃப் 5.6-ல் அது 13 செ.மீ. வரும். ஆனால் எஃப் 1.4-லேயே இருந்துகொண்டு இரண்டு மீட்டருக்குத் தள்ளிப் போனாலும் அதே 13 செ.மீ. கிடைக்கும். மூன்று மீட்டரில் 30 செ.மீ. ஆகிவிடும். தூரம் இரண்டு மடங்கானால் ஆழம் நாலு மடங்காகிறது. இந்த ஒரு விஷயத்தை மனதில் பதித்துக்கொண்டாலே பாதிப் படங்கள் தப்பித்துவிடும். ஃபோகஸ் சிக்காமல் திணறும்போது அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பைச் சுருக்குவதற்கு முன்னால் ஓரடி பின்னால் போய்ப் பாருங்கள்.

படி 1: கேமராவைத் தயார் செய்யுங்கள்

மேனுவல் மோடு. அப்பர்ச்சரை லென்ஸ் போகிற வரைக்கும் திறந்துவிடுங்கள். ஷட்டர் 1/125. ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு, மேல் வரம்பை 6400 என்று வையுங்கள். ஃபைல் ரா வடிவத்தில் (கேமரா எதையும் திருத்தாமல் சேமிப்பது) இருக்கட்டும். இரவு விளக்குகளின் நிறத்தைப் பின்னால் நன்றாகத் திருத்த அது வேண்டும். ஃபிளாஷ் வேண்டாம்.

ஃபோகஸ் புள்ளியைக் கேமராவே தேர்ந்தெடுக்கும்படி விடாதீர்கள். அருகில் இருக்கும் பொருளையோ, கான்ட்ராஸ்ட் அதிகமாக இருக்கும் இடத்தையோ அது பிடித்துக்கொள்ளும். ஒரே ஒரு சிறிய புள்ளியை வைத்துக்கொண்டு, அதை நீங்களே நகர்த்துங்கள். கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால் மனிதர்களை எடுக்கும்போது தாராளமாகப் பயன்படுத்தலாம். பயிற்சியின் தொடக்கத்தில் மட்டும் அதை நிறுத்தி வையுங்கள்.

படி 2: செய்தித்தாள் பயிற்சி

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். மற்ற எல்லாப் படிகளுக்கும் அடிப்படை இதுதான்.

மேசையில் ஒரு செய்தித்தாளை விரித்து வையுங்கள். அறையில் ஒரே ஒரு விளக்கு போதும். தாளிலிருந்து சுமார் 70 செ.மீ. தூரத்தில், மேலிருந்து 45 டிகிரி சாய்வாகப் பார்க்கும்படி உட்காருங்கள். பத்தியின் நடுவில் ஏதாவது ஒரு வரியைப் பேனாவால் அடிக்கோடிட்டு, அந்தக் கோட்டின் மேல் ஃபோகஸ் வைத்து எடுங்கள். படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். எஃப் 1.4-ல் தெளிவாகத் தெரியும் பட்டை ஏறக்குறைய 2 செ.மீ. அகலம்தான் இருக்கும், அதாவது நாலைந்து வரிகள். அதற்கு மேலும் கீழும் எழுத்துகள் மெல்ல மெல்லக் கரைந்து, ஓரங்களில் வெறும் சாம்பல் நிறமாகிவிடும். இந்தப் பட்டையை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், உங்கள் லென்ஸின் ஃபோகஸ் எவ்வளவு மெல்லியது என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்காது.

அடுத்து, ஒவ்வொரு முறையும் லென்ஸை வேறு தூரத்துக்குத் திருப்பிவிட்டு, திரும்பவும் அதே கோட்டில் ஃபோகஸ் பிடித்துப் பத்துப் படங்கள் எடுங்கள். தெளிவான பட்டை எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். எல்லாப் படத்திலும் ஒரே அளவுக்குக் கோட்டுக்கு முன்னாலேயே, அல்லது எல்லாவற்றிலும் பின்னாலேயே விழுந்தால், கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமராவாக இருக்கும் பட்சத்தில் மெனுவில் ஃபோகஸ் நுண்சரிசெய்தல் இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த லென்ஸுக்கென்று ஒரு திருத்தத்தைப் பதிந்துவைக்கலாம். ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால் என்று சிதறினால் ஆடுவது உங்கள் உடம்பு. அதற்குத்தான் அடுத்த படி.

டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: அதன் வியூஃபைண்டரில் நீங்கள் பார்ப்பது எஃப் 1.4-ன் ஆழம் கிடையாது. பெரும்பாலான இன்றைய ஃபோகஸ் திரைகள் எஃப் 2.8-ஐ ஒட்டிய ஆழத்தைத்தான் காட்டும். வியூஃபைண்டரில் தெளிவாகத் தெரிந்தது படத்தில் மங்கலாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். கையால் ஃபோகஸ் செய்வதென்றால் கேமராவின் பின்திரையில் காட்டும் லைவ் வியூவில் பெரிதாக்கிப் பார்த்துச் செய்யுங்கள்.

படி 3: உடம்பின் ஆட்டத்தைப் பழகுங்கள்

நின்றபடி கேமராவைப் பிடித்திருக்கும் எவரும் முன்னும் பின்னும் ஓரிரு செ.மீ. ஆடிக்கொண்டேதான் இருப்போம். எஃப் 5.6-ல் அது தெரியவே தெரியாது. ஃபோகஸ் ஆழம் 3 செ.மீ. மட்டும் என்றால், ஷட்டரைப் பாதி அழுத்தியதற்கும் முழுசாக அழுத்தியதற்கும் இடையிலேயே கண்ணிலிருந்து ஃபோகஸ் நழுவிப் போயிருக்கும். கேமராவில் இருக்கும் ஸ்டெபிலைசேஷன் கை நடுக்கத்தைத் தணிக்கும், ஆனால் இப்படி முன்னும் பின்னும் ஆடுவதற்கு அது பெரிதாக உதவாது.

முழங்கைகளை விலாவோடு ஒட்டுங்கள். இடது உள்ளங்கை லென்ஸின் அடியில் இருக்கட்டும். சுவரோ தூணோ இருந்தால் தோளைச் சாய்த்துக்கொள்ளுங்கள். மூச்சைப் பாதி விட்ட நிலையில் அழுத்துங்கள். ஒன்றுக்குப் பதிலாகத் தொடர்ச்சியாக மூன்று படம் எடுங்கள். விரல் அழுத்தும் அசைவு முதல் படத்தோடு போய்விடும், அடுத்த இரண்டில் ஒன்று பெரும்பாலும் துல்லியமாக இருக்கும்.

இப்போது அந்த ஆட்டத்தையே பயன்படுத்திக்கொள்ளலாம். மேனுவல் ஃபோகஸுக்கு மாறி, அடிக்கோட்டின் மேல் ஃபோகஸ் வைத்துவிட்டு, வளையத்தைத் தொடாமல் இடுப்பிலிருந்து மெல்ல முன்னும் பின்னும் சாயுங்கள். கோடு கூர்மையாகத் தெரியும் கணத்தில் அழுத்துங்கள். சில நாள் விடாமல் செய்தால் கை தானாகவே அந்தக் கணத்தைப் பிடிக்க ஆரம்பித்துவிடும். நிகான் 2019-ல் வெளியிட்ட 58 மி.மீ. எஃப் 0.95 லென்ஸில் ஆட்டோ ஃபோகஸே கிடையாது. அந்த மாதிரி லென்ஸ்களோடு வேலை செய்வதற்கும் இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும். விளிம்புகளை நிறத்தால் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கை மட்டும் நம்பாதீர்கள். உண்மையில் தெளிவாக இருக்கும் பகுதியைவிட அகலமாகவே அது நிறம் பூசிக் காட்டும்.

படி 4: ஃபோகஸ் பிடித்துவிட்டுக் கேமராவைத் திருப்பாதீர்கள்

நடுப்புள்ளியில் கண்ணைப் பிடித்து, ஷட்டரைப் பாதி அழுத்தியபடி கேமராவைத் திருப்பி ஃப்ரேமைச் சரிசெய்வது பலருக்கும் ஊறிப்போன பழக்கம். முழுசாகத் திறந்த லென்ஸில் அது கைவிடும். ஃபோகஸ் இருக்கும் இடத்தை, சென்சாருக்கு இணையாக நிற்கும் ஒரு கண்ணாடித் தகடு போல நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேமராவைத் திருப்பினால் தகடும் சேர்ந்து திரும்பும். ஒரு மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் வைத்துவிட்டு 15 டிகிரி திருப்பினால், அந்தத் தகடு கண்ணுக்குப் பின்னால் ஏறத்தாழ 3.4 செ.மீ. தள்ளிப் போய்விடும். நம்மிடம் இருப்பதோ ஃபோகஸ் புள்ளிக்கு இருபுறமும் ஒன்றரை செ.மீ.தான். கண் போய்க் காது தெளிவாவது இப்படித்தான்.

ஃப்ரேமை முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு ஃபோகஸ் புள்ளியைக் கண்ணின் மேல் நகர்த்துங்கள். தொடக்கத்தில் மெதுவாகத்தான் வரும், போகப் போகப் பழகிவிடும்.

படி 5: இப்போது ஒரு முகம்

பொறுமையான ஒருவரை உட்கார வையுங்கள். நிற்பதைவிட உட்கார்ந்திருந்தால் அவருடைய ஆட்டமும் குறையும். ஒன்றரை மீட்டர் தூரத்தில் தொடங்குங்கள். அவர் நேராகப் பார்த்தால் இரண்டு கண்ணும் ஒரே தளத்தில் வரும், வேலை எளிது. முகத்தைச் சற்றுத் திருப்பினால் கேமராவுக்கு அருகில் இருக்கும் கண்ணில்தான் ஃபோகஸ் இருக்க வேண்டும். புருவத்திலோ கண்ணாடி அணிந்தவரானால் அதன் ஃப்ரேமிலோ கேமரா ஃபோகஸைப் பிடித்துக்கொள்வது சகஜம். எடுத்தவுடன் பெரிதாக்கி, இமை முடிகளைப் பாருங்கள்.

ஒற்றை ஃபோகஸை விட்டுத் தொடர் ஃபோகஸுக்கு மாற வேண்டிய இடமும் இதுதான். நீங்கள் இருவரும் ஆடும் ஆட்டத்தைக் கேமரா விடாமல் பின்தொடரும்.

படி 6: வெளிச்சத்தைத் தேடுங்கள்

லென்ஸ் எவ்வளவுதான் திறந்திருந்தாலும் முகத்தில் விழாத வெளிச்சத்தை அதனால் உருவாக்க முடியாது. சிறிய விளக்கு ஒன்றிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இருப்பவரை ஒரு மீட்டருக்குக் கொண்டுவந்தால் அவர் மேல் விழும் வெளிச்சம் நாலு மடங்காகும். எஃப் 2.8 லென்ஸுக்கும் எஃப் 1.4 லென்ஸுக்கும் உள்ள அதே வித்தியாசம், செலவில்லாமல்! ஆகவே முதலில் ஆளை நகர்த்துங்கள், அப்புறம் ஐஎஸ்ஓவைப் பற்றி யோசிக்கலாம்.

தலைக்கு நேர் மேலே இருக்கும் விளக்கு கண்குழிகளை இருட்டாக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஆளை ஓரிரு அடி பின்னால் நிறுத்தி, விளக்கு அவருக்கு முன்னால் மேலே வரும்படி வைத்தால் கண்ணில் ஒளிப்புள்ளி விழும். ஒளிரும் கடைக் கண்ணாடி, கதவிடுக்கு, கணினித் திரை, மெழுகுவத்தி எல்லாமே நல்ல விளக்குகள்தான். 1920-களில் எர்னோஸ்டார் என்ற பெரிதாகத் திறக்கும் லென்ஸ் பொருத்திய எர்மனாக்ஸ் கேமராவை எடுத்துக்கொண்டு ஜெர்மன் பத்திரிகைப் புகைப்படக்காரர் எரிக் சாலமன் நீதிமன்றங்களிலும் அரசியல் மாநாடுகளிலும் ஃபிளாஷ் இல்லாமல், கண்ணாடித் தகடுகளில் படமெடுத்தார். இன்றைய சென்சார்களோடு ஒப்பிட்டால் அந்தத் தகடுகளின் உணர்திறன் மிகக் குறைவு. அறைக்குள் ஏற்கெனவே இருந்த வெளிச்சத்தை வைத்தே அவர் அத்தனையும் எடுத்திருக்கிறார்.

படி 7: இரவை இரவாகவே விடுங்கள்

வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் இருட்டான காட்சியைக் கண்டால் அதைப் பகல் போலாக்கப் பார்க்கும். மீட்டர் சொல்வதைக் கூட்டிக் குறைக்க உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஒரு ஸ்டாப் குறைத்துத் தொடங்குங்கள். பின்னணி முழுக்கக் கறுப்பாக இருந்தால் இரண்டு ஸ்டாப்கூடக் குறைக்கலாம். முகத்தின் பளிச்சென்ற பகுதியில் விவரம் இருக்கிறதா என்பதே அளவுகோல். விளக்கின் நடுப்பகுதி வெளுத்துப் போவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அதே சமயம் முகத்தையே இருட்டில் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். ஐஎஸ்ஓ 3200-ல் சரியாக எடுத்த முகத்தை, ஐஎஸ்ஓ 400-ல் எடுத்து மூன்று ஸ்டாப் ஏற்றிய முகம் பெரும்பாலான கேமராக்களில் மிஞ்சாது.

எல்இடி அல்லது ஃபுளோரசன்ட் விளக்குக்கு அடியில் படத்தில் குறுக்குப் பட்டைகள் விழுந்தால், விளக்கு மின்சாரத்தோடு சேர்ந்து துடிக்கிறது என்று அர்த்தம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஷட்டரை 1/100 அல்லது 1/50-க்கும், 60 ஹெர்ட்ஸில் 1/125 அல்லது 1/60-க்கும் மாற்றுங்கள். எலக்ட்ரானிக் ஷட்டரை நிறுத்திவிட்டு மெக்கானிக்கல் ஷட்டரில் எடுங்கள். நிறத்தைப் பொறுத்தவரை, மெழுகுவத்தி வெளிச்சம் 1900 கெல்வினை ஒட்டியது. அதை முழுசாக வெள்ளையாக்கினால் காட்சியே செத்துவிடும். கொஞ்சம் மஞ்சள் மிச்சமிருக்கட்டும்.

எப்போது அப்பர்ச்சரைச் சுருக்கலாம்?

முழுசாகத் திறந்த லென்ஸில் மூலைகள் இருண்டிருக்கும், ஃபோகஸுக்கு முன்னும் பின்னும் இருக்கும் பளபளப்பான விளிம்புகளில் ஊதாவும் பச்சையும் கசியும், மூலையில் இருக்கும் சிறு விளக்குகள் சிறகு முளைத்தது போல இழுபடும். மூலை இருட்டையும் நிறக் கசிவையும் மென்பொருளில் ஓரளவு சரிசெய்யலாம். விளக்குகள் இழுபடுவதற்கு அப்பர்ச்சரைச் சுருக்குவதுதான் வழி. முகத்தைக் கடைசி மூலைக்குக் கொண்டுபோகாமல் இருந்தால் பெரும்பாலும் எதுவும் உறுத்தாது.

இரண்டு பேரை எடுக்கும்போது இருவர் கண்களும் கேமராவிலிருந்து ஒரே தளத்தில் இருக்கும்படி நிறுத்துங்கள். அப்படி முடியாவிட்டால் எஃப் 2.8-க்கு வாருங்கள், ஐஎஸ்ஓ நாலு மடங்கு ஏறினால் ஏறட்டும். முகத்தில் விழும் நாய்ஸை (பொடிப்பொடியான புள்ளிகளை) பார்ப்பவர் மன்னித்துவிடுவார், மங்கிப்போன இரண்டாவது முகத்தை மன்னிக்க மாட்டார். மூன்று பேருக்கு மேல் என்றால் எஃப் 4-க்குப் போய், ஷட்டரை 1/60-க்கு இறக்கி, அசையாமல் நிற்கச் சொல்லி எடுங்கள்.