கமக்காரர் சொன்னதை ஆய்வேட்டில் எப்படிக் காட்டுவது?

2018 டிசம்பரில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து கண்டாவளைப் பக்கம் வெள்ளத்தில் கிடந்ததே, அதைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறீர்கள் என்று வைப்போம். முந்தின காலத்து வெள்ளம் எந்தப் பக்கத்தால் ஏறியது என்று ஊர்க் கமக்காரர் ஒருவர் சொல்கிறார். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. வன்னியில் எத்தனையோ வீடுகளின் கடதாசிகள் இடப்பெயர்வோடு போய்விட்டன, வாய்ச்சொல்தான் மிச்சம். ஏபிஏ (APA) என்ற மேற்கோள் காட்டும் முறையில் இதைத் தனிப்பட்ட தொடர்பாடல் என்பார்கள். நேர்ப்பேச்சு, தொலைபேசி, மின்னஞ்சல், வாட்ஸ்அப் குரல்பதிவு எல்லாம் இதற்குள் அடங்கும்.

படி 1: அன்றைக்கே கொப்பியில் குறியுங்கள்
பெயர், முதலெழுத்து, நாள். பிந்தினால் "சிறுபோகம் வெட்டின நேரம்" என்றுதான் நினைவு வரும். அதை அடைப்புக்குறிக்குள் போட ஏலாது. பெயர் போடலாமா என்றும் அப்போதே கேளுங்கள். வாய்க்கால், காணிக் கதை என்றால் சொன்னவருக்கு அயலோடு கொழுவல் வரக்கூடும்.

படி 2: வசனத்துக்குள் காட்டுங்கள்
வசன முடிவில் என்றால்: (க. பெயர், தனிப்பட்ட தொடர்பாடல், மார்ச் 12, 2025).
பெயர் வசனத்திலேயே வந்தால்: க. பெயர் (தனிப்பட்ட தொடர்பாடல், மார்ச் 12, 2025) சொன்னபடி...
ஆண்டு மட்டும் போதாது, முழு நாளும் வேண்டும். ஐயா, அம்மா சேர்க்கக் கூடாது. மனம் கேட்காதுதான், எனக்கும் முதலில் கை வரவில்லை. ஆனால் அவர் எத்தனை வருடமாக அந்தக் குளத்தின் கீழ் வயல் செய்கிறார் என்பதை வசனத்தில் தாராளமாகச் சொல்லலாம். அவர் சொல்லுக்குப் பெறுமதி அதில்தான் இருக்கிறது.

படி 3: உசாத்துணைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்
என் முதல் ஆய்வேட்டில் சேர்த்து, சிவப்பு மையால் வெட்டு வாங்கினேன். வாசகர் தேடிப் போய் எடுத்துப் பார்க்கக்கூடியவைக்குத்தான் அந்தப் பட்டியல். உங்கள் தொலைபேசியில் கிடக்கும் குரல்பதிவை யார் எடுப்பது? அதே உரையாடல் பொது ஆவணக் காப்பகத்தில் இருந்தால் கதை வேறு. அப்போது பட்டியலில் வரும். எம்எல்ஏ (MLA) என்ற இன்னொரு மேற்கோள் முறையிலோ நீங்கள் எடுத்த நேர்காணலும் பட்டியலுக்குள் போகும். உங்கள் துறை எந்த முறையைக் கேட்கிறது என்று முதலே பாருங்கள்.

படி 4: ஆய்வுக்கான நேர்காணலை இதோடு குழப்பாதீர்கள்
கேள்விக்கொத்தோடு இருபது பேரிடம் போனீர்களென்றால் அவர்கள் ஆய்வுப் பங்கேற்பாளர்கள். அவர்கள் சொன்னது உங்கள் தரவு. எப்படிச் சேகரித்தீர்கள் என்பதை முறையியல் அத்தியாயத்தில் எழுதுங்கள். அவர்களைக் குறிக்கப் புனைபெயரோ "பங்கேற்பாளர் 7" என்பதோ போதும்.