‘ஆர்.டி.ஏ’ என்று மட்டும் எழுதாதீர்கள்: மோட்டார் சைக்கிள் விபத்துக் காயங்களைப் பதிவது எப்படி

“ஆர்.டி.ஏ, வலது கால் முறிவு.” இவ்வளவுதான் எழுதியிருக்கும் (ஆர்.டி.ஏ என்றால் வீதி விபத்து). நோயாளி வீட்டுக்குப் போன பிறகு அந்த பெட் ஹெட் டிக்கெட் (வார்டில் அவரைப் பற்றி எழுதிய பதிவு) ரெக்கோர்ட் ரூமுக்கு வரும், நோய்க்கும் காயத்துக்கும் குறியீடு தரும் ஐ.சி.டி. 10 புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நான் யோசிப்பேன். அவர் வண்டி ஓடினவரா, பின்னுக்கு இருந்தவரா? மாட்டில் மோதினாரா, மதிலில் மோதினாரா, சறுக்கி விழுந்தாரா? ஒன்றும் தெரியாது. கடைசியில் வி89.2 என்ற குறியீட்டைப் போட வேண்டியதுதான், ‘விவரம் தெரியாத வீதி விபத்து’ என்று அர்த்தம். ஒரு மனிதர் கால் முறிந்து கிடந்தும், அவர் மோட்டார் சைக்கிளில் வந்தவர் என்பதுகூடக் கணக்கில் ஏறாமல் போய்விடும். திருகோணமலையில் வேலை செய்யும் இன்டர்ன் டொக்டர்கள், நேர்ஸ்மார், புதிதாக ரெக்கோர்ட் வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கச்சிமார் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், யாரிடம் கேட்பது. நோயாளிக்கு நினைவு தெளிவில்லை என்றால் அவரைக் கொண்டுவந்தவரைப் பிடியுங்கள். 1990 அம்பியூலன்ஸில் வந்தவர்களோ, ஏற்றிக்கொண்டு வந்த ஓட்டோக்கார அண்ணாவோ, அவர்கள் பத்து நிமிடத்தில் போய்விடுவார்கள், அதற்குப் பிறகு வரும் சொந்தக்காரர்களுக்கு விபத்தைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. “ஆர் ஓடினது? பின்னுக்கு ஆர் இருந்தது? எதில அடிபட்டது? ஹெல்மெட் போட்டிருந்தவரா, பட்டி கொழுவியிருந்ததா?” இந்த நாலு கேள்விக்கு அரை நிமிடம் போதும்.

மோட்டார் சைக்கிளில் போனவருக்கு வி20 இலிருந்து வி29 வரை. எதில் மோதினார் என்பதை வைத்துத்தான் எண் மாறும். நம் ஊர் மானையே எடுத்துக்கொள்வோம். கோட்டைப் பக்கமும் டவுனுக்குள்ளும் புள்ளிமான்கள் வீதியில் நடந்து திரிவது எல்லாருக்கும் தெரியும். இரவில் ஒருவர் மானில் நேரே மோதி விழுந்தால் வி20. மானைத் தவிர்க்க வெட்டி எடுத்து லைட் போஸ்டில் அடித்தால் வி27. மானிலும் படாமல் போஸ்டிலும் படாமல் பிரேக் அடித்துச் சறுக்கி விழுந்தால் வி28. மூன்றிலும் நோயாளி சொல்வது ஒன்றுதான்: “மான் குறுக்க வந்திட்டுது.” அதை மட்டும் எழுதினால் நான் வி20 போட்டுவிடுவேன், அது பிழையாகவும் இருக்கலாம். ஆகவே, கடைசியில் உடம்போ வண்டியோ எதில் பட்டது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நிலாவெளி வீதியில் படுத்திருக்கும் மாடுகளுக்கும் இதே கதைதான்.

மற்றவை சுருக்கமாக: சைக்கிளில் மோதினால் வி21, இன்னொரு மோட்டார் சைக்கிள் அல்லது ஓட்டோ என்றால் வி22, கார் அல்லது வேன் வி23, லொறி அல்லது பஸ் வி24.

புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை. பொது வீதியில் ஓடினவருக்கு 4, பின்னுக்கு இருந்தவருக்கு 5, ஏறும்போதோ இறங்கும்போதோ என்றால் 3. கடற்கரை மணலிலோ வீட்டு வளவுக்குள்ளோ விழுந்தால் அது வீதி விபத்து இல்லை, ஓடினவருக்கு 0, பின்னுக்கு இருந்தவருக்கு 1. இடம் எழுதவில்லை என்றால் வீதி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. முன்னால் டாங்கில் இருத்திக் கொண்டுபோன பிள்ளையும் பயணிதான். பின்னுக்கு இருந்த அக்காவின் சேலையோ ஷோலோ சில்லில் சுற்றி அவர் இழுபட்டு விழுந்தார் என்றால் வி28.5, இது நம் பக்கம் அடிக்கடி வருவது, தயவுசெய்து காரணத்தையும் எழுதுங்கள்.

ஸ்கூட்டியும் மோட்டார் சைக்கிள் கணக்குத்தான். ஓட்டோவுக்குள் இருந்தவர் அப்படியில்லை, அவருக்கு வி30 தொடக்கம் தனிப் பகுதி இருக்கிறது. மோட்டார் சைக்கிள் அடித்து நடந்துபோனவர் காயப்பட்டால் அவருக்கு வி02. நிற்பாட்டியிருந்த வண்டியின் சைலன்சரில் கால் சுட்டுவிட்டது என்றால் அது வீதி விபத்தே இல்லை, எக்ஸ்17.

சரி, காயத்துக்கு வருவோம். நாம் பயன்படுத்தும் ஐ.சி.டி. 10 இல் இடது வலது என்று தனிக் குறியீடு கிடையாது, அதனால் பக்கம் எது என்பதை உங்கள் எழுத்து மட்டும்தான் காப்பாற்றும். முறிவு என்றால் தோல் கிழிந்து திறந்ததா, மூடியதா என்று கட்டாயம் எழுதுங்கள். ஒன்றும் எழுதாவிட்டால் மூடிய முறிவு என்றே போட வேண்டும். கணுக்காலுக்கு மேல் எலும்பு வெளியே தெரிந்து தியேட்டரில் மூன்று மணித்தியாலம் கழுவித் தைத்த கால், பதிவில் சாதாரண முறிவாகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன், அந்தக் கவலை இன்னும் போகவில்லை. கீழ்க்கால் பெரிய எலும்பின் தண்டு முறிந்தால் எஸ்82.2, அதற்குப் பின்னால் மூடியதற்கு 0, திறந்ததற்கு 1.

தலைக்காயத்தை ‘எச்.ஐ’ (ஹெட் இன்ஜரி) என்று சுருக்கினால் எஸ்09.9 தான் கிடைக்கும், அதில் ஒரு தகவலும் இல்லை. சி.டி. ஸ்கேனில் சப்டியூரல் இரத்தக்கசிவு (மூளை உறைக்குக் கீழே இரத்தம் கசிவது) என்று வந்திருந்தால் அதை டயக்னோசிஸ் கார்டிலும் எழுதுங்கள், எஸ்06.5 ஆகும். நினைவுத் தெளிவை அளக்கும் ஜி.சி.எஸ். புள்ளியை 12 என்று மொத்தத்தை மட்டும் போடாமல் கண் 3, பேச்சு 4, அசைவு 5 என்று பிரித்து, நேரத்தையும் குறியுங்கள். தோளில் விழுந்து கை தூக்க முடியவில்லை என்பவருக்கு எக்ஸ்ரேயில் முறிவு இல்லாவிட்டாலும் நரம்புப் பின்னல் காயம் இருக்கலாம், எஸ்14.3, டொக்டர் பார்த்து எழுதாமல் நாங்கள் அதை ஊகித்துப் போட முடியாது.

பல காயம் இருந்தால் எது முதன்மை? டொக்டர் ஒன்றைத் தெரிந்தெடுத்து எழுதுவதுதான் நல்லது. அப்படி எழுதாதபோது மண்டையோட்டு முறிவும் உள்ளே மூளைக்காயமும் சேர்ந்திருந்தால் மூளைக்காயம் முன்னால் வரும். ஒரே இடத்தில் முறிவும் வெட்டுக்காயமும் என்றால் முறிவு முன்னால் வரும். நோயாளி இறந்துவிட்டால் கணக்கு தலைகீழாகும், அடிப்படைக் காரணமாக நிற்பது வி குறியீடு, அதனால்தான் ‘எப்படி நடந்தது’ என்ற அந்த ஒரு வரி அவ்வளவு முக்கியம்.

பொலிஸ் கேஸ் என்றால் சட்ட வைத்தியப் படிவமும் வரும். உரசல், கண்டல், கிழிவு என்று வகையைச் சொல்லி, நீள அகலத்தை சென்டிமீற்றரில் அளந்து எழுதுங்கள். மது மணம் மட்டும் இருந்தால் ‘மணம் உள்ளது’ என்றே எழுதுங்கள், ‘குடித்திருந்தார்’ என்று முடிவு கட்ட வேண்டாம், காப்புறுதியும் வழக்கும் அந்தச் சொல்லில் தொங்கும்.

அப்புறம், அமெரிக்க கோடிங் படித்துவிட்டு வருகிறவர்கள் ஏழாவது எழுத்தாக ஏ, டி, எஸ் (முதல் சிகிச்சை, தொடர் சிகிச்சை, பின்விளைவு) தேடுவார்கள், இங்கே அது இல்லை. ஒரு வருடம் கழித்து, முறிந்த எலும்பில் வைத்த தகடு கழற்ற வருபவருக்குப் புது விபத்துப் போல வி குறியீடு போடாதீர்கள், அது இசட்47.0.