ஆண்டிறுதியில் ஊருக்குப் போகிறீர்களா? மழையையும் கணக்கில் வையுங்கள்

இங்கே சிங்கப்பூரில் பள்ளிகளுக்கு ஆண்டிறுதி விடுமுறை விடுவது நவம்பர் நடுவில். ஊரில் வடகிழக்குப் பருவமழை வலுப்பதும் அப்போதுதான். வேறு வழியில்லை, போய்த்தான் ஆக வேண்டும்.

மழை நமக்குத் தெரியாததா என்று தோன்றும். தேக்காவில் கொட்டித் தீர்த்தாலும் கால்வாய் வாங்கிக்கொள்ளும், தேநீர் குடித்து முடிப்பதற்குள் வெயில் வந்துவிடும். ஐப்பசி அடைமழை அந்த ரகம் இல்லை. வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு வந்து உட்கார்ந்துவிட்டால் இரண்டு மூன்று நாளைக்கு விடாது.

முதலில் அளவைப் புரிந்துகொள்ளுங்கள். இங்கே மழையை மில்லிமீட்டரில் சொல்வார்கள், அங்கே செய்தியில் சென்டிமீட்டர். 20 என்று கேட்டால் 200 என்று மாற்றிக்கொள்ள வேண்டும். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. பெய்தது. சிங்கப்பூரில் ஓராண்டு முழுக்கப் பெய்வதில் பாதிக்குச் சற்றுத்தான் குறைவு! அன்று திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்றுபோனது. நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே சிக்கிக்கொண்டார்கள்.

வானிலை எச்சரிக்கை நிறங்களில் மஞ்சள் என்றால் குடையோடு வேலையைப் பார்க்கலாம். ஆரஞ்சு என்றால் வெளியூர்ப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். சிவப்பு என்றால் 20 செ.மீ.க்கு மேல் பெய்யலாம் என்று பொருள், வீட்டிலேயே இருங்கள். செய்தியில் துறைமுகங்களில் 'புயல் எச்சரிக்கைக் கூண்டு' ஏற்றியதாகவும் சொல்வார்கள். கூண்டின் எண் 1, 2 என்றால் புயல் தொலைவில் இருக்கிறது. 8, 9, 10 என்றால் பெரிய அபாயம். கடைசி எண்ணான 11 ஏறினால், வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோனதென்று பொருள்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. ஞாயிறு காலை விமானத்துக்குச் சனி இரவு ரயிலை நம்பினேன். தண்டவாளத்தில் தண்ணீர், ரயில் ரத்து. விடிய விடிய வாடகைக் காரில் வந்தும் விமானம் போய்விட்டது. இப்போதெல்லாம் இரண்டு நாள் முன்னதாகவே விமான நிலையம் இருக்கும் ஊருக்கு வந்துவிடுகிறேன். அத்தை கோபித்துக்கொள்வார், சமாளிக்கலாம். அப்படி வந்தாலும் உறுதி இல்லை. சென்னை விமான நிலையமே 2015 டிசம்பர் வெள்ளத்தில் சில நாள் மூடிக்கிடந்தது, 2023-இல் மிக்ஜாம், 2024-இல் ஃபெஞ்சல் புயல்களின்போதும் மூடினார்கள். டெல்டா பக்கம் போகிறவர்களுக்குத் திருச்சி விமானம் வசதி. பயணக் காப்புறுதியை டிக்கெட் எடுத்த கையோடு எடுத்துவிடுங்கள். புயல் செய்தி வந்த பிறகு எடுத்தால் அந்தப் புயலுக்குப் பொதுவாக இழப்பீடு கிடைக்காது.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், தஞ்சை, நாகை, புதுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகளை அடியோடு சாய்த்தது. பல கிராமங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் போனால் கைப்பேசிக் கோபுரமும் போகும், கைப்பேசியில் பணம் கட்டுவதும் நின்றுவிடும். அதனால் நூறு, இருநூறு ரூபாய் நோட்டாகக் கொஞ்சம் கையில் இருக்கட்டும். தினசரி மருந்து சாப்பிடும் பெரியவர்களுக்குக் கூடுதலாகப் பத்து நாளைக்கு எடுத்துப் போங்கள்.

தெருவில் தேங்கிய தண்ணீரில் இறங்காதீர்கள். திறந்த சாக்கடைக் குழியும் அறுந்து விழுந்த மின்கம்பியும் கண்ணுக்குத் தெரியாது. இறங்க நேர்ந்து, அப்புறம் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள், எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடும்போது டிரைவர் "போயிடலாண்ணே" என்பார். வண்டியைத் திருப்பச் சொல்லுங்கள்.

ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு வேறு கதை. நவம்பர், டிசம்பரில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் மலை ரயில் மண்சரிவால் அடிக்கடி ரத்தாகும். அதை நம்பிப் பிள்ளைகளுக்கு ஆசை காட்டிவிடாதீர்கள். மழை விட்டு வானம் தெளிந்த இரவுகளில் உறைபனி விழும். தலைக்குந்தா, காந்தல் பக்கம் புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். பார்க்க அழகுதான், வெயில் ஏறுவதற்குள் போக வேண்டும். குளிருக்கு அறைக்குள் அடுப்புக்கரி மூட்டிக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது மட்டும் கூடவே கூடாது. கரியிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு வாசனையே இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். கூடுதலாக ஒரு கம்பளி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.