எகனாமிக்ஸ் முதலாண்டு மாணவர்கள் இணையத்தில் தடுக்கி விழும் இடங்கள்

பி.ஏ. எகனாமிக்ஸ் சேர்ந்த கையோடு யூடியூபில் தேடினால் வந்து குவிவது பெரும்பாலும் பங்குச் சந்தை வீடியோக்கள்தான். எந்த ஷேர் ஏறும், எதில் பணம் போடலாம் என்பதெல்லாம் வேறு துறை. விலை ஏறினால் தேவை ஏன் குறைகிறது என்பதற்கு அங்கே விளக்கம் கிடைக்காது.

அப்புறம், டெலிகிராமில் வருகிற பிடிஎஃப் எல்லாவற்றையும் இறக்கிச் சேர்த்து வைப்பது. தயவுசெய்து வேண்டாம், ஒன்றைப் பிடித்துக்கொண்டு முடியுங்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் பாடங்களை வெளியிடும் ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்தில் பேராசிரியர் ஜோனதன் க்ரூபர் நடத்தும் மைக்ரோ எகனாமிக்ஸ் வகுப்பு இலவசம், பயிற்சிக் கணக்குகளும் விடைகளும் சேர்த்தே இருக்கின்றன. ஆனால் வீடியோவை மட்டும் பார்த்துவிட்டுக் கணக்கைத் தொடாமல் நகர்ந்துவிடுகிறார்கள், எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். டீ 10 ரூபாயிலிருந்து 12 ஆகிறது, விற்பனை 100-லிருந்து 90 ஆகிறது என்று வையுங்கள். விலை 20 சதவீதம் கூடியிருக்கிறது, தேவை 10 சதவீதம்தான் குறைந்திருக்கிறது, ஆக நெகிழ்ச்சி (விலை மாறும்போது தேவை எந்த அளவுக்கு மாறுகிறது என்ற விகிதம்) 10-ஐ 20-ஆல் வகுத்தால் 0.5. இதை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவருக்கு மறக்காது.

தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் பள்ளிப் புத்தகத்தை மூட்டை கட்டிவிடுவதும் தவறு. தமிழ்நாடு அரசின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியல் நூல்கள் இரண்டு மொழியிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே பாடத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஆங்கிலச் சொற்கள் தானாகப் பழகும்.

கடைசியாக, புள்ளிவிவரம். இதில் சறுக்காதவர் குறைவு. 2020-21-இல் இந்தியாவின் ஜிடிபி எவ்வளவு சரிந்தது என்று தேடுங்கள். ஒரு செய்தியில் 7.3 சதவீதம், இன்னொன்றில் 6.6, வேறொன்றில் 5.8. யாரோ பொய் சொல்கிறார்கள் என்று தோன்றும். மூன்றுமே மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் சொன்னவைதான்: முதலாவது 2021 மே மாதத் தற்காலிக மதிப்பீடு, மற்றவை 2022 ஜனவரியிலும் 2023 பிப்ரவரியிலும் வந்த திருத்தங்கள். செய்தியில் பார்த்த எண்ணை அப்படியே அசைன்மென்ட்டில் எழுதாமல் மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்துக்கே போய், வெளியான தேதியையும் சேர்த்துக் குறியுங்கள். உலக வங்கித் தளத்திலிருந்து எடுப்பதானால் இன்னொரு கவனம் வேண்டும். அங்கே இந்தியாவுக்கு 2020 என்று போட்டிருப்பது ஜனவரி முதல் டிசம்பர் வரை அல்ல, 2020 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டு.